ஒரு சாண் வாசற்படி

வீட்டின் கடைசி வேலையை ஒகெலோ யாரிடமும் விடுவதில்லை. சுவர் எழுந்து, தகரம் அடித்து, சாணிப் பூச்சும் முடிந்து, கூட வேலை செய்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் வாசல் நிலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார். புற்று மண், சாம்பல், கொஞ்சம் சாணி. மூன்றையும் பிசைந்து உருட்டி, உருண்டை உருண்டையாக அடுக்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டி வாசற்படியை எழுப்புவார். பிறகு வலது கையை விரித்து, கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, சுண்டுவிரல் எங்கே முட்டுகிறது என்று பார்ப்பார். சரியாக ஒரு சாண்.

"மழைத்தண்ணி உள்ள வராது. கோழிக்குஞ்சு வெளிய போகாது. பாம்பு வந்தா ஒரு நிமிஷம் யோசிக்கும்" என்பார்.

அதன் பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு பத்தடி பின்னால் போய் நிற்பார். தன் கையால் கட்டிய வீட்டை, முதல்முறை அந்தப் பக்கம் வந்த வழிப்போக்கனைப் போல அண்ணாந்து பார்ப்பார். வீட்டுக்காரர் எந்தக் காலை எடுத்து வைத்துப் படியைத் தாண்டுகிறார் என்று கவனிப்பார். அதைப் பார்க்காமல் அவர் ஒரு வாய் தேநீர் கூடக் குடித்ததில்லை.

சப்லோன் ஒகெலோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நல்ல உயரம். சிறுவயதிலிருந்தே பாரம் சுமந்தவர் போல முதுகு முன்பக்கம் லேசாக வளைந்திருக்கும். கோட் ரயெர் குன்றைச் சுற்றி ஏரிக்கரை வரை இருக்கிற மண்சுவர் வீடுகளில் பாதிக்குமேல் அவர் எழுப்பியவை. அவற்றிலும் ஒரு வகை வீட்டுக்கு அவரை விட்டால் ஆளில்லை. அதை ஊரில் 'ஒரு நாள் வீடு' என்பார்கள். சொந்த வீடு கட்டாமல் ஓர் ஆண் இறந்துபோனால், அவன் உடல் தகப்பனுடைய வளவுக்குள், அதாவது குடும்பத்து மனை எல்லைக்குள், நுழையக் கூடாது. முதலில் அவன் பெயரில் ஒரு வீடு எழ வேண்டும். ஓர் இரவாவது தன் கூரைக்குக் கீழே அவன் படுத்திருக்க வேண்டும். அப்புறம்தான் மண் அவனை வாங்கிக்கொள்ளும். நைரோபியில் வாடகை அறையில் இருந்து செத்தவன், லாரி ஓட்டிச் செத்தவன், நாளைக்குக் கட்டலாம் நாளைக்குக் கட்டலாம் என்று இருந்தே செத்தவன், எல்லாருக்கும் ஒகெலோதான். விடியற்காலையில் கம்பு நடக் குழி தோண்ட ஆரம்பித்தால், வண்டி வந்து நிற்பதற்குள் வீடு தயாராக இருக்கும்.

செத்தவன் வீட்டுக்கும் அவர் அதே ஒரு சாண் படிதான் வைப்பார். "தூக்கிட்டுத்தானே வரப் போறாங்க, படி எதுக்கு ஒகெலோ?" என்று யாராவது கேட்டால், "பாம்பு மட்டும் செத்துப்போச்சா?" என்று திருப்பிக் கேட்பார்.

இத்தனை வீடு கட்டியவருக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடையாது.

சந்தையில் சோளமாவு மில்லுக்குப் பின்னால் ஒரு தகர அறை. அதில்தான் அவரும் அவர் மனைவி அவினோவும் முப்பது வருடத்துக்கும் மேலாகக் குடியிருக்கிறார்கள். மில் ஓட ஆரம்பித்தால் பாத்திரங்கள் அலமாரியில் நடக்கும். மாவு தூசி எல்லாவற்றின் மேலும் படியும். தலை, புருவம், கொடியில் தொங்கும் சட்டை, தேநீர்க் கோப்பையின் விளிம்பு, எல்லாமே வெள்ளை. சாயங்கால வெயில் தகரத்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கும்போது அந்தத் தூசி ஒளியில் மிதக்கும். கணவனும் மனைவியும் அதற்குள் வெள்ளை உடுத்தியவர்கள் போல உட்கார்ந்து, உகாலிக் களியைக் கிள்ளி ஒமெனா மீனில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வழியில் போகிறவர் எட்டிப் பார்த்தால் இது இந்த உலகத்து அறைதானா என்று ஒரு கணம் தோன்றும்.

அவினோ கணவனுடனேயே வேலைக்குப் போகிறவள். அவர் சுவர் எழுப்புவார், அவள் பூசுவாள். அவள் விரல் ஓடிய சுவரில் பிறை பிறையாகக் கோலம் விழும். பிறந்த ஊர் ஆசெம்போ என்பதால் ஒகெலோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ ஆசெம்போக்காரி" என்பார். கிசுமுவில் கட்டிக்கொடுத்த மகள் பெயரைச் சொல்லி, "அடோயோ அப்பா" என்பாள் அவள். வாய் கொஞ்சம் நீளம்.

"ஊர்ச் சுவரையெல்லாம் பூசியாச்சு. எனக்குன்னு பூச ஒரு சுவர் இல்ல. பூசாமலே போயிட்டேன்னா, மேல கேப்பாங்கல்ல, எந்த வீட்டுல இருந்து வர்றே அம்மான்னு? மாவு மில்லுன்னு சொல்லவா?"

"சொல்லேன். உன்னைப் பாத்தாலே தெரியும், தலை பூரா மாவு."

வீடு கட்டாததற்குக் காரணம் வறுமை அல்ல, சோம்பலும் அல்ல. அவர் பெயரிலேயே அந்தக் காரணம் இருக்கிறது. இரட்டையருக்குப் பின்னால் பிறக்கிற ஆண் பிள்ளைக்குத்தான் அங்கே ஒகெலோ என்று பெயர் வைப்பார்கள். முன்னால் பிறந்த இரட்டையரில் மூத்தவன் ஒபியோ பால்குடி மறப்பதற்குள் போய்விட்டான். இளையவன் ஒடோங்கோ பிழைத்தான். ஆனால் நாலு வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அண்ணன் வீடு கட்டாமல் தம்பி கட்டக் கூடாது. கட்டினால் அண்ணனைத் தாண்டி நடந்ததாக ஆகும். வரிசை தப்பிய வீட்டில் பிள்ளைகள் தங்காது என்பார்கள். அந்த ஒடோங்கோ முப்பது வயதில் ரேடியோ ரிப்பேர் வேலைக்கு மொம்பாசாவுக்குப் பஸ் ஏறினான். ஏறும்போது தம்பியிடம் சொன்னான்:

"நம்ம வளவுல முதல் குழியை நான்தான்டா தோண்டுவேன். வேற எவனையும் கடப்பாரை போட விடாத. வந்துடுறேன்."

கொஞ்ச வருடம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அவன் போய் முப்பத்தொரு வருடம்!

இதற்கு ஊரில் ஒரு வழி உண்டு. வராத அண்ணன் பெயரில் நாலு கம்பு நட்டு, புல் வேய்ந்து, சின்னதாக ஒரு குடிசை போட்டுவிட்டால் போதும். வரிசை சரியாகிவிடும். தம்பி தன் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். கோத்திரத்துப் பெரியவர்கள் எத்தனையோ தடவை சொன்னார்கள். ஒகெலோ கேட்கவில்லை.

"ஆள் இல்லாத வீட்டை நான் செத்தவனுக்குத்தான் கட்டுவேன். என் அண்ணன் சாகலையே" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவினோ இதற்குத் தன் வழியில் பதில் வைத்திருந்தாள். புது வளவில் குடியேறுகிறவர்கள் கையோடு ஒரு சேவலைக் கொண்டு போக வேண்டும். முதல் விடியலில் அது அங்கே கூவ வேண்டும். அதற்காக ஒவ்வொரு வருடமும் ஒரு சேவற்குஞ்சைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வளர்ப்பாள். இந்த வருடம் அண்ணன் வந்துவிடுவார், இந்தச் சேவல்தான் கூவும் என்பாள். டிசம்பர் வரும். அண்ணன் வர மாட்டார். கிறிஸ்துமஸ் அன்று குழம்பைத் தட்டில் ஊற்றும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே ஒகெலோ சாப்பிடுவார்.

"நல்ல சேவல்" என்பார்.

"நல்ல சேவல்தான். போன வருஷத்ததும் நல்ல சேவல்தான்" என்பாள் அவள்.

ஞாயிறு தவறாமல் இருவரும் கோயிலுக்குப் போவார்கள். பாஸ்டர் ஹெஸ்போனுக்கு ஒகெலோவை விடப் பதினைந்து வயது குறைவு. பரலோகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரலே மாறிவிடும். அங்கே பிதாவின் வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஆயத்தமாகிறது, அது மனிதக் கை கட்டாத வீடு என்பார். ஒகெலோ முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பார். ஆராதனை முடிந்ததும் மாமரத்தடியில் பாஸ்டரைப் பிடித்துக்கொள்வார்.

"பாஸ்டரய்யா, அந்த வீடு கட்டி முடிச்சாச்சா, இல்ல வேலை நடக்குதா?"

"ஆயத்தம் பண்ணிக்கிட்டு இருக்கார், சப்லோன் அண்ணே."

"அப்ப வேலை நடக்குது. வேலை நடந்தா ஆள் வேணுமே?"

"அது மனுஷக் கை படாத வீடுண்ணே. உங்களுக்கு அங்க ஓய்வு."

"கை படாம எப்படிய்யா சுவர் நிக்கும்? சரி, நிக்குதுன்னே வெச்சுக்குவோம். நான் அங்க போய் சும்மா உக்காந்து பாடவா? என் குரல் உங்களுக்குத் தெரியும்ல. மத்தவங்க பாவம்."

"அப்ப எனக்கும் மேல சாணி கரைக்கிற வேலை இல்லையா? ஸ்தோத்திரம்" என்று பக்கத்திலிருந்து அவினோ கையை உயர்த்துவாள். பாஸ்டர் சிரிப்பை அடக்க வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

புது உடம்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும் நாளில் பாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சோள விதையை எடுத்துக் காட்டுவார். "குழியில போடுறது இது. முளைச்சு வர்றது இதுவா? இது இல்ல. இது சுருங்கினது, காஞ்சது. வர்றது பச்சையா, ஆள் உயரத்துக்கு, காத்துல ஆடிக்கிட்டு வருது. நம்ம உடம்பும் அப்படித்தான்."

ஒகெலோ ஒருமுறை நடுப் பிரசங்கத்தில் எழுந்து நின்றார். "விதை சொத்தையா இருந்தா, பாஸ்டரய்யா? ஒரு பக்கம் சூம்பி இருந்தா?"

அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அவர் கையில போட்டா முழுசா வரும்ண்ணே" என்றார் பாஸ்டர். "சூம்பினதும் முழுசா வரும். நடக்க முடியாதது துள்ளிக்கிட்டு வரும்."

அன்றைக்கு ஒகெலோ சொன்ன ஆமென் சந்தை வரைக்கும் கேட்டது என்று இன்னமும் சொல்கிறார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அவினோ கேட்டாள்: "புது உடம்புல எனக்கு முழங்கால் வலி இருக்காதாம். உங்களுக்குப் புது புத்தி எதுவும் தருவாங்களான்னு கேட்டீங்களா?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கள்ளிவேலி நிழலில் ஒகெலோ கால்மணி நேரம் கண் அயர்வார். அந்தக் கால்மணி நேரத்தில் அவர் மேலே போய் வருவதாக அவருக்கு நம்பிக்கை. ஏரிக்கு மேலே எழும் வெண்மூட்டத்துக்குள் வரிசையாக வீடுகள் தெரியுமாம். சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. கரையான் ஏறிய தடம் இல்லை. மழையே இல்லாத ஊரில் எதற்கு இத்தனை அழகாகக் கூரை என்று கனவிலேயே யோசிப்பாராம். ஒரு வீட்டுக்கு முன்னால் யாரோ ரேடியோவைத் திறந்து போட்டு, பாட்டு கேட்டபடி உட்கார்ந்திருப்பது தெரியும். முகம் தெரியாது. நடந்து நடந்து கிட்டப் போவார். வாசல் வரும். வாசலில் படி எத்தனை உயரம் என்று குனிந்து பார்ப்பார். அந்த இடத்தில் விழிப்பு வந்துவிடும். ஒருமுறை கூட அந்தப் படியை அவர் பார்த்ததில்லை.

"பாத்துட்டு வாங்களேன், நாளைக்காவது" என்பாள் அவினோ, சாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டே.

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டுச் சுவருக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தபோது ஒகெலோவின் போன் அடித்தது. மொம்பாசாவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ந்யாங்வெசோ பேசினான். ரேடியோ கடை ஒன்றின் பின்னறையில் ஒரு வயதான நொண்டி மனிதர் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். பெயரை வைத்துக் கடைக்காரர் அங்கே இருக்கும் ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"ஒடோங்கோ அண்ணன்தான். நான் போய் முகத்தைப் பாத்துட்டேன்ண்ணே. வெள்ளிக்கிழமை கொண்டு வந்துடுறோம்."

ஒகெலோ போனைச் சட்டைப் பையில் போட்டார். கையிலிருந்த கற்றாழை நாரால் அந்தக் குச்சியைக் கட்டி முடித்தார். அடுத்த குச்சியை எடுத்தார். அதையும் கட்டினார். மூன்றாவது குச்சியை எடுத்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அவினோ வந்து அந்தக் குச்சியை அவர் கையிலிருந்து மெல்ல உருவ வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது கோத்திரத்து ஆண்கள் இருபது பேர் அப்பாவின் வளவில் கூடியிருந்தார்கள். பழைய வீடு, அப்பாவும் அம்மாவும் போனபிறகு வழக்கப்படி தானாக இடிந்து மண்ணாகட்டும் என்று விடப்பட்டு, இப்போது அந்த இடத்தில் பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. ஒகெலோ கடப்பாரையை எடுத்தார். மற்றவர்கள் சற்று விலகி நின்றார்கள். முதல் குழி யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் நேரே குழி தோண்டவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த அக்குளில் ஊன்றும் ஒரு பழைய கவைத்தடியை எடுத்தார். ஒடோங்கோ பஸ் ஏறிய அன்று, புதுத் தடி வாங்கிக்கொள்வதாகச் சொல்லித் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போன தடி. மாவு மில் அறையின் மூலையில் முப்பத்தொரு வருடம் சாய்ந்து நின்றது. அதன் முனையால் மண்ணை மூன்று தடவை கீறினார். "அண்ணன் தோண்டிட்டான்" என்றார். பிறகுதான் கடப்பாரை இறங்கியது. குழி ஆழமானதும் அந்தத் தடியை உள்ளே நிறுத்தி, அதோடு சேர்த்து முதல் தைல மரக் கம்பை நட்டு மண் தள்ளினார்.

வெயில் ஏறுவதற்குள் சட்டகம் நின்றது. பெண்கள் மண் மிதித்தார்கள். தகரம் ஏறியது. அவினோவின் விரல்கள் சுவரில் பிறை பிறையாக ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் எந்தச் சுவர் எழுந்தால் தன் சுவர் எழும் என்று காத்திருந்தாளோ, அந்தச் சுவர் அது. அதைப் பூசும்போது கண்ணிலிருந்து வடிந்ததையும் புறங்கையால் துடைத்து மண்ணோடு சேர்த்தே பூசினாள்.

பிற்பகலில் ஒகெலோ வாசல் நிலைக்கு முன்னால் மண்டியிட்டார். மண்ணை உருட்டினார். ஒரு விரற்கடை உயரத்துக்கு வைத்து, கையால் அழுத்தித் தேய்த்து, தரையோடு தரையாகச் சமப்படுத்தினார். எழுந்து கையைக் கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பாஸ்டர் ஹெஸ்போன் சைக்கிளில் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றி வந்தார். வாசலில் நின்றார்.

"அண்ணே, படி வைக்கலையா?"

"வெச்சாச்சு."

"இது படி இல்லையேண்ணே."

"என் அண்ணனுக்கு இதுதான் படி" என்றார் ஒகெலோ. "ஒரு சாண் வெச்சா அவன் இடது காலைத் தூக்க முடியாது. நிலையைப் பிடிச்சு, உடம்பைச் சாய்ச்சு, காலை இழுத்து வைக்கணும். எனக்குத் தெரியும்."

பாஸ்டர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "நாம என்ன பேசிக்கிட்டோம், அண்ணே? அந்தச் சோள விதை... நீங்க ஆமென் சொன்னீங்களே?"

ஒகெலோ தன் வலது கையை அவர் முன்னால் விரித்தார். "ஆமென் வாய் சொல்லும் பாஸ்டரய்யா! வாய்க்கு என்ன? இந்தக் கை சொல்லணுமே! நீங்க அவனைச் சுமந்திருக்கீங்களா? ஆத்துல தண்ணி வந்தா பள்ளிக்கூடம் போக நான்தான் குனிவேன். 'ஏறுண்ணே'ம்பேன். அவன் என்னை விட மூணு வயசு பெரியவன். அந்தக் கால் இருக்கே, அது என் இடுப்புல ஈரத்துணி மாதிரி தொங்கும். இப்பவும் அந்த ஈரம் எனக்குத் தெரியுது. துள்ளுற காலை நான் பாக்கலையே! பாக்காத காலுக்கு நான் எப்படிய்யா படி வைப்பேன்?"

அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். பாஸ்டர் போய் மண் மிதிக்கும் இடத்தில் காலணியைக் கழற்றிவிட்டுப் பெண்களோடு நின்றுகொண்டார்.

அப்போதுதான் மறுபடியும் போன் அடித்தது. ந்யாங்வெசோ. வண்டி கெரிச்சோ மலையில் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்களாம். வீடு எழுந்துவிட்டதா என்று கேட்டான். எழுந்துவிட்டது என்றார் ஒகெலோ. பிறகு, இத்தனை நாளும் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டார்.

"ஏன்டா வரல அவன்? கடைக்காரன் ஏதாவது சொன்னானா?"



"சொன்னாருண்ணே. நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். காலுக்கு ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணிக்கிட்டாராம். ரெண்டும் சரியா வரலையாம். மூணாவதுக்கு டாக்டர் முடியாதுன்னுட்டாங்களாம். கடைக்காரர் ஊருக்குப் போய்யான்னு சொல்லும்போதெல்லாம் ஒண்ணுதான் சொல்வாராம். 'தம்பி முதுகுல ஏறிப் போன வாசல்யா அது. இந்தத் தடவை ரெண்டு கால்ல நின்னு முதல் குழியைத் தோண்டணும். கால் சரியாகட்டும், போறேன்'பாராம். கடைசி வரைக்கும் அதேதானாம்ண்ணே. கால் சரியாகட்டும்னு."

ஒகெலோ போனை அவினோவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் வாசலுக்குப் போய், தான் தேய்த்துச் சமப்படுத்திய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து புதுத் தகரத்தை லேசாகத் தட்டிவிட்டுப் போனது. பூசணிப் பூக்கள் மேல் தேனீக்கள் போய்வந்தன. சாணிப் பூச்சின் பச்சை வாசம் வளவு முழுவதும் நிறைந்திருந்தது. கனவில் வாசல் வரைக்கும் வந்து குனிகிற அந்த இடம்தான். ஆனால் இந்தத் தடவை விழிப்பு வரவில்லை.

மண்டியிட்டார். விரல்களைக் கொக்கி போலப் போட்டு அந்தச் சமப்படியைப் பெயர்த்து எடுத்தார்.

"ஆசெம்போக்காரி, மண் கொண்டா."

அவள் கொண்டுவந்தாள். புற்று மண், சாம்பல், சாணி. பாஸ்டர் மண் ஒட்டிய காலோடு வந்து தண்ணீர் ஊற்றினார். உருண்டை மேல் உருண்டை ஏறியது. தட்டித் தட்டி எழுப்பினார். வலது கையை விரித்து வைத்து அளந்தார். ஒரு சாண். சுண்டுவிரல் சரியாக முட்டியது. வழக்கமாக அங்கே எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. அந்தச் சாணுக்கு மேலே இடது கையின் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொண்டா."

"அடோயோ அப்பா, ரொம்ப உசரமாகுதே. ஆளுங்க இடறுவாங்க."

"ஆளுங்க பாத்து வரட்டும்" என்றார் அவர். "அவன் தாண்டட்டும். துள்ளித் தாண்டட்டும். ரெண்டு காலும் சேத்து."

ஒரு சாண், நாலு விரல். ஒகெலோ தன் வாழ்நாளில் வைத்த படிகளிலேயே உயரமான படி. ஓரங்களை ஈர விரலால் மழுக்கி, தலையில் தடவுவது போல மேலே ஒரு தடவை தடவினார். எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு பத்தடி பின்னால் போய் நின்றார். அவினோ மிச்ச மண்ணைக் குவித்து, அது காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. சந்தை அறையின் வாசலில் கால் கட்டப்பட்டு நிற்கிற இந்த வருடத்துச் சேவலைப் பற்றி யாரோ ஒரு பெண் ஜாடையாகப் பேச, அவினோ முதல்முறையாக அன்று முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். உடனே அழுதாள்.

வெயில் சாயும்போது கள்ளிவேலிக்கு அப்பால் சாலையில் செம்புழுதி எழும்பியது. முன்பக்கம் பச்சைக் கிளை கட்டிய வண்டி. பெண்களின் ஓலம் குன்றில் முட்டித் திரும்பியது. வளவு வாசலில் வண்டி நின்றது. ஆறு பேர் பெட்டியை இறக்கித் தோளில் வைத்தார்கள். ந்யாங்வெசோ முன்னால் வந்தான். ஒகெலோ பெட்டியிடம் போகவில்லை, அழவும் இல்லை. வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"படி ஈரம், பாத்து" என்று யாரோ சொன்னார்கள். "உசரமா வேற இருக்கு."

தூக்கி வந்தவர்கள் வாசலுக்கு நாலடி முன்னால் தயங்கி நின்றார்கள்.

ஒகெலோ தொப்பியை அவினோவிடம் கொடுத்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, பெட்டிக்கு முதுகைக் காட்டி, அந்த உயரமான படிக்கு இந்தப் பக்கம் இரு முழங்காலையும் மடக்கிக் குனிந்தார். இரண்டு கைகளையும் பின்னால் நீட்டி, உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.